மூன்றாம் கை

தேவகோட்டை, ராம்நகர், கண் ஆஸ்பத்திரி.
புதன்கிழமை திறப்பு.
சனிக்கிழமை ராத்திரிதான்
கடைசி ஜிப்சம் போர்டு மேலே ஏறியது.

ஒரு ஜாயிண்டுக்கு மூன்று கை பூச்சு.
முதல் கை டேப்பைப் பிடிக்க,
இரண்டாம் கை பள்ளத்தை மூட,
மூன்றாம் கை
நான் வந்துபோனதை மறைக்க.

கை ஒன்று காய ஒரு நாள் என்று
பையில் அச்சடித்திருக்கிறார்கள்.
ஐப்பசி மாதம் அதைப் படித்ததில்லை.

சதுர அடிக்கு ரேட் பேசிய மேஸ்திரி சோலைமலை
கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து
"காஞ்சிருச்சுப்பா" என்றார்.
விரலில் வெள்ளை ஒட்டியிருந்தது.
வேட்டியில் துடைத்துக்கொண்டு
"காஞ்சிருச்சு" என்றார் மறுபடி.

டாக்டரும் வந்தார், செருப்பைக் கழற்றாமல்.
"எங்க வீட்டுச் சுவரப் பாத்திருக்கீங்களா?
தொண்ணூறு வருசம். இன்னும் முகம் தெரியுது."
பார்த்திருக்கிறேன் சார்.
அதைத் தேய்த்தவனிடம் யாரும்
புதன்கிழமை என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஞாயிறு ராத்திரி
போகஸ் லைட்டைச் சுவரோரம் சாய்த்து வைத்தேன்.
பக்கவாட்டு வெளிச்சத்துக்கு இரக்கம் கிடையாது.
நேரே பார்க்கையில் சமர்த்தாக இருந்த ஜாயிண்டெல்லாம்
பட்டினி மாட்டின் விலா எலும்பாய் எழுந்து நின்றது.

எல்லா அறைக்கும் மூன்று கை
புதன்கிழமைக்குள் வராது.
எல்லா அறைக்கும் இரண்டு கை
மனசுக்குள் வராது.

மருந்து அலமாரிக்குப் பின்னால் ஒரு கை.
அட்டைப்பெட்டிகள் புகார் சொல்லாது.
மின்பலகை அறைக்கும் ஒன்று, உப்புத்தாள்கூடப் போடாமல்.
வராந்தாவில் எல்லோரும்
டோக்கன் நம்பரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்: இரண்டு.
டாக்டர் அறை
மேற்கே பெரிய ஜன்னல் வைத்தது.
இரண்டு.
(இந்த இடத்தில் கொஞ்சம் இருமிக்கொள்கிறேன்.)

கட்டுப் பிரிக்கும் அறையில்
பாலித்தீன் பிரிக்காத மெத்தையில் ஏறிப் படுத்துப் பார்த்தேன்.
படுத்தவனுக்குச் சுவர் கிடையாது.
சீலிங்தான் சுவர், வாசல், எதிர்வீடு எல்லாம்.

அங்கே மூன்று.
ஸ்டூல்மேல் ஃபேனைத் தூக்கி வைத்து,
முகத்தை மேலே திருப்பிவிட்டு,
இரண்டாம் கை காய்கிறவரை உட்கார்ந்திருந்தேன்.
அடைக்கலம் கொட்டாவியோடு கேட்டான்:
"இந்த ரூமுக்கு மட்டும் என்னண்ணே?"
"லைட்ட இங்கிட்டுப் பிடி" என்றேன்.

புதன்கிழமை ரிப்பன் வெட்டினார்கள்.
எங்களுக்கும் கேசரி வந்தது.

பத்தாம் நாள் மேஸ்திரியிடமிருந்து போன்.
சாயங்காலமானால் டாக்டர் மேசைக்கு மேலே
ஒரு கோடு தெரிகிறதாம்.
கோடு போகாமல் பாக்கி வராதாம்.
அதுவரை சதுர அடிக்கு
ரெண்டு ரூபாய் பிடித்தமாம்.

கரண்டியும் உப்புத்தாளுமாய்ப் போனேன்.
தண்ணீர் பிடிக்கப் போகிற வழியில்
கட்டுப் பிரிக்கும் அறை திறந்திருந்தது.

சருகணி லாரிக்காரர், செபஸ்தியான் என்று பெயர்,
மல்லாந்து படுத்திருக்க
நர்ஸ் பிளாஸ்டரைப் பிய்த்தெடுத்தாள்.
அவர் கண்ணைத் திறந்தார்.
மேலே பார்த்தார்.
பார்த்துக்கொண்டே இருந்தார்.
"தாயி," என்றார், குரல் உடைந்து,
"ஒண்ணுமே தெரியலையே தாயி.
ஒரே வெள்ளையா இருக்கே."
கை கட்டில் கம்பியைத் தேடியது.

அந்த நொடியில்
ஒரு ஸ்குருத் தலையாவது
தெரிய விட்டிருக்கலாமே என்றிருந்தது எனக்கு.

நர்ஸ் அவர் முகத்துக்கு மேலே விரல்களை நீட்டினாள்.
"இது எத்தன?"
"மூணு."
கொஞ்சம் மூச்சு வாங்கி,
"மோதிரத்துல ஒரு கல்லக் காணோமே."

அவள் சிரித்தாள். அவர் தலையைத் திருப்பினார்.
"வாசல்ல யாரு, மாவுல விழுந்தவன் மாதிரி?"
பதில் சொல்லாமல் நகர்ந்தேன்.

மணி நாலரை.
டாக்டர் அறையில் வெயில் இறங்கியிருந்தது.
மேசைக்கு மேலே கோடு
எனக்காகக் காத்திருந்தது,
சுவருக்குச் சுவர்,
இந்தப் பக்கம் கொஞ்சம் தடித்து.